மூன்று மாத நாய்க்குட்டியை அடுக்குமாடி வீட்டுக்குள்ளேயே நாள் முழுக்க எப்படிச் சமாளிப்பது?

உங்கள் நிலைமை இது: மூன்று மாதக் குட்டி, இரண்டாவது மாடி வீடு, கடைசித் தடுப்பூசி பாக்கி இருப்பதால் தெருவில் இறக்கிவிட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வெளியே மழை, உள்ளே குட்டி செருப்பு, சோபா, திரைச்சீலை, கணுக்கால் என்று எதையும் விட்டுவைப்பதில்லை. ஓடவிட்டுக் களைப்பாக்க வீட்டுக்குள் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தக் களைப்பாக்கும் எண்ணத்தையே முதலில் விட்டுவிடுங்கள் என்பதுதான் என் பதில். நானும் அதில்தான் ஆரம்பித்தேன், அடிபட்டது குட்டிக்கு.

எங்களுடையது சிப்பிப்பாறை. பெரியப்பா பையன் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து வேளச்சேரியில் எங்கள் வீட்டில் விட்டபோது ஒன்பது வாரக் குட்டி. நிறத்தைப் பார்த்து அம்மா செவலை என்று பெயர் வைத்தார். முயலைக் கண்ணால் பார்த்துத் துரத்திப் பிடிப்பதற்கென்றே வளர்த்த இனம், கேட்கவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழை, எழுநூறு சதுர அடி வீடு. காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி என்று ஹாலில் பந்து உருட்டினேன். நன்றாக ஓடினாள், ஆனால் ஓடிவிட்டுப் படுப்பாள் என்று பார்த்தால் இன்னும் வெறியாகி என் துப்பட்டாவைப் பிடித்துத் தொங்கினாள். சரி, இன்னும் பத்து நிமிடம் ஓட்டலாம் என்று ஓட்டினேன். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் பந்தைப் பிடித்துத் திரும்பும்போது பின்னங்கால் இரண்டும் டைல்ஸில் வழுக்கி, சுவரில் போய் மோதி, அவள் கத்திய கத்தலில் எனக்குக் கை காலெல்லாம் நடுங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் எலும்புக்கு ஒன்றுமில்லை, சுளுக்குதான். ஒரு வாரம் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, படி ஏறக்கூடாது என்றார் டாக்டர். வளரும் குட்டிக்கு எலும்பின் நுனியில் வளர்கிற பகுதி இன்னும் இறுகாமல் இருக்கும், வழுக்குகிற தரையில் சட்டென்று திரும்புவதும் சோபாவிலிருந்து குதிப்பதும்தான் அதற்கு ஆபத்து என்று அவர் விளக்கியபோது, இதை முன்னாலேயே கேட்டிருக்கலாமே என்று இருந்தது.

ஓடக்கூடாத அந்த ஒரு வாரத்தில்தான் குட்டியை எப்படி வைத்துக்கொள்வது என்று நான் கற்றுக்கொண்டேன். ஓட்டம் இல்லாமலே அவள் முன்னைவிட அமைதியாக இருந்தாள். காரணம், காலுக்குப் பதிலாக மூக்குக்கும் வாய்க்கும் வேலை கொடுத்தோம். மோப்பம் பிடிப்பது, நக்குவது, மெல்லுவது, இந்த மூன்றும் நாயை அடங்க வைக்கும். பந்தைத் துரத்துவது ஏற்றிவிடும்.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: கிண்ணத்தில் சாப்பாடு வைப்பதை நிறுத்துங்கள். குட்டி ஒரு நாளைக்குச் சாப்பிடுகிற அளவையே பிரித்து, தேடித் தின்னும்படி கொடுங்கள். கூடுதல் தீனி எதுவும் வேண்டாம். எங்கள் வீட்டில் அதிகம் உழைத்தது பழைய இட்லித் தட்டு. ஒவ்வொரு குழியிலும் நாலைந்து உலர் தீனி போட்டு, மேலே டென்னிஸ் பந்தை வைத்து மூடிவிட்டால், ஒவ்வொரு பந்தாக மூக்கால் தள்ளி எடுத்துத் தின்ன முதல் நாள் அவளுக்குக் கால் மணி நேரம் ஆனது. தின்று முடித்ததும் பந்துகளை எடுத்து மேலே வைத்துவிடுங்கள், அவற்றின் மேல்தோலை உரித்துத் தின்றுவிடும். அப்புறம் பழைய துண்டு: விரித்து, தீனியைத் தூவி, பாய் சுருட்டுவது போலச் சுருட்டிக் கொடுப்பது. பழகியபின் ஒரு தளர்ந்த முடிச்சு. இதைவிடச் சுலபமானது, கோணிச் சாக்கையோ சொரசொரப்பான கால்மிதியையோ போட்டு அதன் மேல் தீனியை இறைத்துவிடுவது, கோழி கொத்துவது மாதிரி மோந்து மோந்து பொறுக்கிக்கொண்டிருக்கும்.

உள்ளே குழிவான கெட்டி ரப்பர் பொம்மை ஒன்று வாங்கிவிடுங்கள், இந்த ஒன்றுக்கு மட்டும் தயங்காமல் பணம் செலவழிக்கலாம். உப்பும் தாளிப்பும் இல்லாத தயிர் சாதத்தையோ, வேகவைத்து மசித்த பரங்கிக்காயையோ அதில் அடைத்து ஃப்ரீசரில் இரவு வைத்துக் காலையில் கொடுத்தால் அரை மணி நேரம் நக்கிக்கொண்டே இருக்கும், பெரும்பாலும் அதன் மேலேயே தலையை வைத்துத் தூங்கியும் போகும். நான் ஆபீஸ் மீட்டிங்குகளை இந்தப் பொம்மையை நம்பித்தான் வைத்துக்கொண்டேன்.

கடிப்பது பற்றிச் சொல்லியிருந்தீர்கள். குட்டிக்கு 28 பால் பற்கள், அவை விழுந்து 42 நிரந்தரப் பற்கள் வர வேண்டும். மூன்றரை, நான்கு மாதத்தில் தொடங்கி ஆறு, ஏழு மாதம் வரை இது நடக்கும், ஈறு ஊறிக்கொண்டே இருக்கும், கடிக்காமல் இருக்க அதனால் முடியாது. அதனால் கடிக்காதே என்று கத்துவதைவிட, எதைக் கடிக்கலாம் என்று கொடுத்துவிடுவது நல்லது. பருத்தித் துணியை நனைத்து முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுக்கலாம், குளிர்ந்த முழு கேரட் கொடுக்கலாம், இரண்டுக்கும் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். கேரட் சின்னத் துண்டாகிவிட்டால் வாங்கிவிடுங்கள், துணியில் நூல் பிரிந்தால் தூக்கிப் போடுங்கள். நீள நூலை விழுங்கினால் அது குடலைச் சுருக்கி இழுத்துவிடும், ஆபரேஷன் வரை போகும். கயிறு பொம்மையைத் தனியாக விட்டுவைக்க வேண்டாம் என்பதும் இதனால்தான். சமைத்த கோழி எலும்பு, ஆட்டு எலும்பு எதுவும் கூடாது, உடைந்து ஊசியாகக் குத்தும். கையைக் கடித்தால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், அது அதற்கு விளையாட்டாகிவிடும். ஆடாமல் நின்று, பொம்மையை வாய்க்கு நேரே நீட்டுங்கள்.

பொம்மையைக் கொடுத்தும் திரும்பத் திரும்பக் காலைக் கடிக்கிறதா, காதைப் பின்னால் மடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறதா? அது தூக்கம். இந்த வயதில் குட்டிகள் ஒரு நாளைக்கு 18 முதல் 20 மணி நேரம் தூங்க வேண்டும். நாமோ டிவி, விருந்தாளி, குழந்தைகள் என்று தூங்கவே விடுவதில்லை. தூக்கம் கெட்ட கைக்குழந்தை எப்படி அழுமோ அப்படி இது கடிக்கும். செவலை சாயங்காலம் ஆறு மணிக்கு ஆடிய ஆட்டத்தை நான் அடங்காத சக்தி என்று நினைத்துப் பந்து உருட்டியிருக்கிறேன் பாருங்கள், அதை நினைத்தால் இன்றும் மனது கஷ்டப்படுகிறது. பாவம், அவள் தூங்கக் கேட்டிருக்கிறாள். விழித்து ஒரு மணி நேரம் ஆனதும் விளக்கை அணைத்து, மின்விசிறியைப் போட்டு, அதனுடைய இடத்தில் படுக்க வையுங்கள். முதல் மூன்று நாள் முனகும். பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருங்கள், போதும்.

அதனுடைய இடம் என்றேனே, அது கட்டாயம் வேண்டும். ஹாலின் ஒரு மூலையில் மடிப்பு வேலி வாங்கி வைத்தோம். உள்ளே படுக்கை, தண்ணீர், ஒரு பொம்மை, ஓரத்தில் செய்தித்தாள். வேலிக்குள் விடும்போது கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், கம்பியில் மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. சங்கிலியில் கட்டி வைத்துவிட்டு வெளியே போகவே போகாதீர்கள். தனியாக இருக்கப் பழக்குவதை இரண்டு நிமிடத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போதே அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வருவதில் ஆரம்பிக்கலாம்.

இனி வீட்டைக் குட்டியின் உயரத்தில் ஒருமுறை பாருங்கள். நான் நிஜமாகவே தரையில் தவழ்ந்து பார்த்தேன். சார்ஜர் வயர் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. கொசு மருந்து திரவ பாட்டில் தரையோரப் பிளக்கில். பீரோவின் அடித்தட்டில் அந்துருண்டை. பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் கற்பூர டப்பா, அதுவும் நாய்க்கு விஷம்தான். எலி கேக், தலைவலி மாத்திரை, பாராசிட்டமால், பல்கனியில் மணி பிளாண்ட், அரளி இருந்தால் அரளி, எல்லாம் குட்டிக்கு எட்டாத இடத்துக்குப் போக வேண்டும். சாப்பாட்டில் வெங்காயம், பூண்டு, சாக்லேட், திராட்சை கூடாது. பாயசத்தில் போடும் உலர் திராட்சையும் அதில் சேர்த்தி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். சர்க்கரை இல்லாத சூயிங்கம் பலவற்றில் சர்க்கரைக்குப் பதிலாகச் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும், அது கொஞ்சம் போனாலே ரத்தச் சர்க்கரையை விழத் தட்டிவிடும். எதையாவது விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கப் பார்க்காதீர்கள், அதுவே கெடுதல். அந்த அட்டையையோ பாட்டிலையோ கையில் எடுத்துக்கொண்டு நேரே டாக்டரிடம் ஓடுங்கள். டாக்டர் எண்ணோடு, இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை ஒன்றின் எண்ணையும் இன்றே போனில் போட்டு வையுங்கள்.

பல்கனிக்கு வலை அடியுங்கள். புறா வந்து உட்கார்ந்தால் சிப்பிப்பாறை போன்ற இனம் யோசிக்காது, பாயும். கிரில் இடுக்கில் தலை நுழைந்தால் குட்டியின் உடம்பும் நுழைந்துவிடலாம். தரைக்கு ரப்பர் விரிப்பு போடுங்கள், ஹால் முழுக்க வேண்டாம், குட்டி நடமாடும் தடத்தில் போட்டால் போதும். இரண்டு பழைய யோகா பாயை நான் வெட்டிப் போட்டேன். இன்னொன்று, லேசர் விளக்கை அடித்துத் துரத்த விட வேண்டாம். பிடிக்கவே முடியாத ஒன்றைத் துரத்தித் துரத்தி, சில நாய்களுக்கு நிழலையும் வெளிச்சத்தையும் விடாமல் துரத்துகிற தீராத பழக்கம் வந்துவிடுகிறது.

விளையாட்டே கூடாதா என்றால், தாராளமாக விளையாடலாம். என் பையன் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அவள் பெயரைக் கூப்பிடுவான், அவள் மோப்பம் பிடித்துத் தேடிக் கண்டுபிடிப்பாள், கண்டுபிடித்தால் ஒரு துண்டு தீனி. கூப்பிட்டால் வருவது என்பதை நாங்கள் தனியாகச் சொல்லிக்கொடுக்கவே இல்லை, இந்த விளையாட்டிலேயே வந்துவிட்டது. மூன்று நிமிடம், நான்கு நிமிடம் என்று ஒரு நாளைக்கு நாலைந்து தடவை 'உட்கார்', 'விடு', 'பாய்க்குப் போ' சொல்லிக்கொடுங்கள். 'விடு' என்பதை மட்டும் பிடுங்கிப் பழக்காமல் பண்டமாற்றாகவே பழக்குங்கள்: அதன் வாயில் இருப்பதைவிட நல்லதாக ஒன்றைக் காட்டி வாங்க வேண்டும். நாளை அது மாத்திரை அட்டையைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போகும்போது உங்களைக் காப்பாற்றப் போவது இந்த ஒரு சொல்தான்.

வெளியே விடக்கூடாது என்று டாக்டர் சொன்னது சரிதான். குட்டிகளுக்கு உயிரைப் பறிக்கும் வாந்தி பேதியைக் கொண்டுவரும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மழைக்காலத்தில் எலிச் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரால் லெப்டோ என்கிற எலிக்காய்ச்சல் வேறு வரும், அது நமக்கும் தொற்றும். குட்டிக்கான ஊசி வரிசையின் கடைசி ஊசி 16 வாரத்திலோ அதற்குப் பிறகோதான் வரும். ஆனால் அதுவரை உலகத்தையே காட்டாமல் வைத்திருந்தால் வேறு சிக்கல், ஏனென்றால் புது மனிதர், புதுச் சத்தம் எல்லாவற்றையும் பயமில்லாமல் ஏற்றுக்கொள்கிற வயது ஏறக்குறைய 14 வாரத்தோடு முடிந்துவிடுகிறது. அதனால் தூக்கிக்கொண்டு போங்கள். மழை விட்ட நேரத்தில் ஒரு துண்டில் சுற்றி, தோளில் போட்டுக்கொண்டு, தெருமுனை டீக்கடை வரை. பஸ் ஹாரன், குடை பிடித்தவர், ஹெல்மெட் போட்டவர், காய்கறி வண்டிக்காரர் குரல் எல்லாவற்றையும் உங்கள் கையில் இருந்தபடியே பார்க்கட்டும். தரையில் மட்டும் இறக்காதீர்கள், தெரு நாய் எதையும் முகர விடாதீர்கள். பத்து நிமிடம் இப்படிப் போய் வந்தால் வீட்டுக்கு வந்ததும் செவலை இரண்டு மணி நேரம் தூங்குவாள். அரை மணி நேரப் பந்து ஒருநாளும் அதைச் செய்ததில்லை.

செருப்புக்கு மட்டும் எங்களிடம் வேறு வழி இருக்கவில்லை. வாசலோரம் இருந்த திறந்த அலமாரிக்குக் கதவு போடச் சொன்னோம், தச்சர் அரை நாளில் முடித்துக் கொடுத்தார். பல் மாறி முடியும் வரை நீங்களும் போட்டுவிடுங்கள்.