ஜம்பலாயாவின் பழுப்பு எங்கிருந்து வருகிறது?

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கிறோம். லூசியானா போனபோது சாப்பிட்ட ஜம்பலாயா (கறியும் அரிசியும் ஒரே சட்டியில் வேகும் சோறு) நல்ல பழுப்பாக, உதிரி உதிரியாக இருந்தது. வீட்டில் சாசேஜ், தக்காளி, பாஸ்மதி எல்லாவற்றையும் குக்கரில் போட்டு இரண்டு விசில் விட்டேன். குழைந்துபோன தக்காளி சாதம்தான் வந்தது. எங்கே தப்பு?

பதில்: முதலில் தக்காளியை விடுங்கள். தக்காளி போட்ட சிவப்பு ஜம்பலாயா நியூ ஆர்லியன்ஸ் பக்கத்து கிரியோல் சமையல். நீங்கள் சாப்பிட்டது கேஜன் வகை. 1755 முதல் இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியிலிருந்து பிரிட்டிஷார் துரத்தி, பிறகு லூசியானாவில் குடியேறிய பிரெஞ்சுக் குடிகளின் வழிவந்தவர்கள் இந்த கேஜன் மக்கள். அவர்கள் பழுப்பு நிறத்தை எந்தப் பொடியிலும் தேடுவதில்லை, சட்டியின் அடியில் தேடுகிறார்கள்.

நம் வீட்டில் அடிப்பிடித்தால் திட்டு விழும். இங்கே பாதிச் சமையலே அதுதான். அடிகனமான இரும்புச் சட்டி எடுங்கள், நான்ஸ்டிக் உதவாது. 350 கிராம் ஆண்டூயி சாசேஜை (புகையூட்டிய பன்றிக்கறி சாசேஜ்) வில்லைகளாக நறுக்கி, கொஞ்சம் எண்ணெயில் மிதமான தீயில் போட்டுவிட்டு, கை வைக்காமல் இருங்கள். சிவந்ததும் எடுத்து வைத்து, அதே கொழுப்பில் அரை கிலோ எலும்பில்லாத கோழித் தொடைக்கறியைச் சிவக்க விட்டு, அதையும் எடுத்துவிடுங்கள். அடியில் பாக்கு நிறத்தில் ஒரு படலம் பிடித்திருக்கும். கறுத்துக் காந்தல் வாசனை வந்துவிட்டால் போச்சு, கழுவிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டியதுதான்.

இப்போது இரண்டு வெங்காயம், ஒரு குடைமிளகாய், இரண்டு செலரித் தண்டு, எல்லாம் பொடியாக நறுக்கியது. வெங்காயம் விடும் தண்ணீரிலேயே மரக்கரண்டியால் அடியைச் சுரண்டுங்கள். படலம் கரைந்து வெங்காயத்தில் ஏறும். மறுபடி பிடிக்கட்டும், ஒரு கை தண்ணீர் தெளித்து மறுபடி சுரண்டுங்கள். மூன்று தடவையாவது செய்ய வேண்டும், இருபது நிமிடம் போகும். இதில் அவசரப்பட்டால் சோறு வெளிறித்தான் வரும்.

அப்புறம் பூண்டு, தைம், மிளகுத்தூள், அரை டீஸ்பூன் கேயன் மிளகாய்த்தூள், ஒரு பே இலை (நம் பிரிஞ்சி இலை வேறு மரம், வாசனையும் வேறு). வறுத்த கறியைச் சேர்த்து, மூன்று கப் கோழிச்சாறு ஊற்றிக் கொதிக்க விடுங்கள். சாசேஜில் உப்பு இருக்கிறது, அதனால் சாற்றை ருசி பார்த்த பிறகே உப்பு போடுங்கள்.

சாதாரண நீள அரிசி இரண்டு கப், ஊறவைக்காமல் போடுங்கள். பாஸ்மதியின் மணம் சாசேஜின் புகை வாசனையோடு ஒட்டாது. கொதித்ததும் தீயை அடக்கி, இறுக மூடி 25 நிமிடம். பத்தாவது நிமிடத்தில் ஒரே ஒரு தடவை அடியிலிருந்து மேலே புரட்டிவிடுங்கள். கிளறினால் குழைந்துவிடும். அணைத்த பின் பத்து நிமிடம் மூடியே இருக்கட்டும். மேலே வெங்காயத்தாள் தூவிப் பரிமாறலாம்.

இரும்புச் சட்டி இல்லையென்றால் உங்கள் குக்கரே போதும். குக்கர் மூடியையும் வெயிட்டையும் எடுத்து வைத்துவிட்டு, ஒரு தட்டால் மூடுங்கள்.