சம்பளம் 8 லட்சத்தைத் தாண்டினால் ஓபிசி சான்றிதழ் கிடைக்காதா?

கேள்வி: நான் தமிழக அரசில் உதவியாளர், சி பிரிவு. ஆண்டுச் சம்பளம் 9.60 லட்சம். வீட்டு வாடகை மாதம் 12,000 வருகிறது. மனைவி இல்லத்தரசி. மகனிடம் பி.சி. சாதிச் சான்றிதழ் இருக்கிறது. வங்கித் தேர்வுக்கு ஓபிசி (மத்திய அரசின் இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் கேட்கிறார்கள். "சம்பளம் 8 லட்சத்துக்கு மேல், கிடைக்காது. 7,000 கொடுங்கள், வருமானத்தைக் குறைத்துக் காட்டி வாங்கித் தருகிறேன்" என்கிறார் ஒரு புரோக்கர். கொடுக்கலாமா? - வாசகர், பெரம்பூர்.

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். உண்மையான வருமானத்தைக் காட்டியே உங்கள் மகன் சான்றிதழ் வாங்கலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழக அரசின் 69 சதவீத இடஒதுக்கீட்டில் பி.சி.க்கு 26.5, பி.சி. முஸ்லிம்களுக்கு 3.5, எம்.பி.சி., சீர்மரபினருக்கு 20, எஸ்.சி.க்கு 18, எஸ்.டி.க்கு 1. இதில் வருமான வரம்பே கிடையாது. மத்திய அரசு ஓபிசிக்குத் தரும் 27 சதவீதத்துக்கோ, உச்ச நீதிமன்றத்தின் 1992 இந்திரா சாஹ்னி தீர்ப்புக்குப் பிறகு 'கிரீமி லேயர்' வடிகட்டல் உண்டு; அதாவது, பிற்படுத்தப்பட்டோரில் முன்னேறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சலுகை இல்லை. அதனால் சர்தார் பட்டேல் சாலையில் அண்ணா பல்கலைக்கழகத்தில் பி.சி.யாகச் சேரும் பையன், பக்கத்திலேயே இருக்கும் ஐஐடியில் பொதுப்பிரிவாகிவிடலாம். மாநிலச் சாதிச் சான்றிதழை மத்திய வேலைக்கு நீட்டினால் செல்லாது.

இப்போது அந்த 8 லட்சம். இது எல்லா வருமானத்தையும் கூட்டிப் பார்க்கும் கணக்கு அல்ல. மத்திய அரசின் 1993 செப்டம்பர் 8 தேதியிட்ட 36012/22/93 குறிப்பாணையும், 2004 அக்டோபர் 14 தேதியிட்ட 36033/5/2004 விளக்கமும் சொல்வது இதுதான்: அரசு ஊழியரின் சம்பளமும் விவசாய வருமானமும் வருமான வரம்பில் சேராது. வாடகை, வட்டி, வியாபாரம் போன்றவை மட்டும் சேரும். உங்களுக்கு அது 1.44 லட்சம். அதுவும் தொடர்ந்து மூன்று ஆண்டு 8 லட்சத்தைத் தாண்டினால்தான் சிக்கல். மகனுடைய சொந்த வருமானம் கணக்கில் வராது. தனியார் கம்பெனிச் சம்பளக்காரர்களுக்குக் கணக்கு வேறு; அவர்கள் இதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

அரசு ஊழியர் விஷயத்தில் பார்ப்பது பதவியின் பிரிவை; ஏ மேல்நிலை, டி கடைநிலை. தாய், தந்தை இருவரில் ஒருவர் ஏ பிரிவில் நேரடி நியமனம் பெற்றவர் என்றாலோ, இருவருமே பி பிரிவில் நேரடி நியமனம் என்றாலோ பிள்ளை கிரீமி லேயர்தான். ஒரு விதியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், அலுவலகங்களே தடுமாறுவது இங்கேதான். பி பிரிவில் நேரடியாகச் சேர்ந்த தந்தை 40 வயதிலோ அதற்கு முன்போ ஏ பிரிவுக்குப் பதவி உயர்ந்தால் பிள்ளைக்குச் சலுகை இல்லை. 41 வயதில் உயர்ந்தால் உண்டு. சி அல்லது டி பிரிவில் சேர்ந்தவரோ, 38 வயதிலேயே ஏ பிரிவைத் தொட்டாலும் பிள்ளைக்குச் சலுகை உண்டு. எந்தப் பிரிவில் சேர்ந்தார் என்பதுதான் கேள்வி. நாளை நீங்கள் பதவி உயர்வு பெற்றாலும் மகனுக்குப் பாதிப்பில்லை.

உங்கள் அலுவலகத்தில் ஒரு சான்று வாங்குங்கள். சேர்ந்த தேதி, சேர்ந்த பதவி, அதன் பிரிவு, இப்போதைய பதவி, இந்த நான்கும் அதில் இருக்க வேண்டும். வெறும் சம்பளச் சான்று கொடுத்தால், மேசையில் இருப்பவர் 9.60 என்ற எண்ணைப் பார்த்ததும் நிராகரிப்பார். மகனுடைய, உங்களுடைய சாதிச் சான்றிதழ்கள், ஆதார், குடும்ப அட்டை, வாடகை வருமானக் கணக்கு, மேலே சொன்ன இரண்டு குறிப்பாணைகளின் நகல் எல்லாவற்றையும் சேர்த்து இ-சேவை மையத்தில் பதிவு செய்யுங்கள். 60 ரூபாய் கட்டணம், கேன் எண் (இ-சேவையில் விண்ணப்பதாரருக்குத் தரும் பதிவு எண்) அவசியம். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, கோட்டாட்சியரிடம் மனுக் கொடுங்கள். 1993-ல் எழுதிய விதியை இன்றும் வாசகர் நகலெடுத்துப் போய்க் காட்ட வேண்டியிருப்பது வெட்கக்கேடு. புரோக்கர் தொழில் நடப்பதே இந்த அறியாமையை நம்பித்தான்.

அவர் வாங்கித் தரும் 'குறைந்த வருமான' சான்றிதழ்தான் உண்மையான ஆபத்து. வேலையில் சேர்ந்தபின் சரிபார்ப்பு வரும். உங்கள் சம்பளப் பட்டியலும் வருமான வரி படிவமும் அரசிடமே இருக்கின்றன. பொய் அம்பலமானால் போவது மகனின் வேலை. புரோக்கர் அப்போது போனை எடுக்க மாட்டார்.

விண்ணப்பிக்கும் முன் உங்கள் சாதி மத்திய ஓபிசி பட்டியலில் இருக்கிறதா என்று தேசிய பிற்படுத்தப்பட்டோர் ஆணைய இணையதளத்தில் பாருங்கள். மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் அங்கே இருக்காது. பெயரின் எழுத்துக்கூட்டலும் அப்படியே ஒத்துப்போக வேண்டும். சான்றிதழ் கைக்கு வந்ததும், மத்திய அரசு வேலைக்கான படிவமா, 'கிரீமி லேயரில் வராதவர்' என்ற வரி இருக்கிறதா, உங்கள் சாதியை மத்தியப் பட்டியலில் சேர்த்த தீர்மானத்தின் எண்ணும் தேதியும் உண்டா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். போன வருடச் சான்றிதழைப் பல தேர்வுகள் ஏற்பதில்லை. ஏப்ரல் 1-க்குப் பிறகு புதிதாக வாங்குவதே நல்லது.