குழந்தைக்கு அடிக்கடி சில்லுமூக்கு உடைவது ஏன்? எப்படித் தடுப்பது?

ஏழு வயதுப் பையனுக்கு வாரம் ஒருமுறையாவது மூக்கில் ரத்தம் வருகிறது, ‘உடம்புச் சூடா’ என்று கேட்டிருக்கிறீர்கள். ரத்தத்தைப் பார்த்தால் யாருக்கும் பதறும். ஆனால் பெரும்பாலும் இது ஆபத்தில்லாதது.

மூக்கின் இரு துளைகளையும் பிரிக்கும் நடுச்சுவரின் முன்பகுதியில், பல மெல்லிய ரத்தக்குழாய்கள் ஒன்றுகூடுகின்றன. மேலே இருப்பது மெல்லிய ஈரத்தோல் மட்டும்தான். வறண்ட காற்று, இரவெல்லாம் ஓடும் ஏசி, சளி, அலர்ஜி என எதனாலாவது அந்தத் தோல் காய்ந்து பொருக்குத் தட்டும். பிள்ளை விரலை விட்டு நோண்டினால் உடைந்துவிடும். நகம்தான் பாதி வழக்குகளில் குற்றவாளி என்பேன்.

ரத்தம் வரும்போது தலையை அண்ணாந்து பிடிக்காதீர்கள், தயவுசெய்து. ரத்தம் தொண்டைக்குள் இறங்கி வாந்தி வரும். உட்காரவைத்து, சற்று முன்பக்கம் குனியச் சொல்லி, மூக்கு எலும்புக்குக் கீழே உள்ள மென்மையான பகுதியை இரு விரலால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். வாயால் மூச்சு விடட்டும். நடுவில் ‘நின்றுவிட்டதா’ என்று விட்டுவிட்டுப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

அப்புறம் தடுப்பு: நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்து மூக்கை ஈரமாக வைக்கும். படுக்கும்முன் மூக்கின் உள்விளிம்பில் துளி வாசலின் தடவலாம். பலமாகச் சிந்த வேண்டாம்.

20 நிமிடம் அழுத்தியும் நிற்காவிட்டாலோ, தலையில் அடிபட்டபின் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஈறிலும் ரத்தம், உடம்பில் காரணமில்லாத நீலத்திட்டு இருந்தாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். உங்கள் மகனுக்கு வாராவாரம் வருவதால், ஒருமுறை காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.