மிளகு, மஞ்சள், புளி, ஓமம் என்று பாட்டி வைத்தியத்தில் சொல்வதெல்லாம் உண்மையிலேயே பலன் தருமா?

தரும். சாப்பாட்டில் எந்த அளவில் சேர்க்கிறோமோ அந்த அளவில், சின்னச் சின்ன உபாதைகளுக்குத் தரும். அதையே மாத்திரையாகவும் எண்ணெயாகவும் செறிவாக்கி விழுங்கினால் நிலைமை வேறு. வீட்டில் குழந்தை பிறந்திருப்பதாகவும், பாட்டி உரைமருந்து ஊட்டச் சொல்வதாகவும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன். அதுவரை தயவுசெய்து குழந்தைக்கு எதையும் உரைத்து ஊட்டாதீர்கள்.

எனக்குப் பென்னாகரம் பக்கம். எங்கள் ஜில்லாவில் எது முதல் மருந்து என்று கேட்டால் மஞ்சளையும் மிளகையும் தள்ளிவைத்துவிட்டுப் புளியைத்தான் சொல்வேன். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் சாலையோரமெல்லாம் புளியமரம். தை, மாசியில் உலுக்க ஆரம்பித்தால், ஓடு தட்டி நாரும் கொட்டையும் எடுக்கிற பெண்களின் கை கருத்தே கிடக்கும். களிக்குப் புளிச்சாறு, வெயில் காலத்தில் அடுப்பிலேயே ஏற்றாத பச்சைப்புளி ரசம். புளியைக் கரைத்து, சுட்ட மிளகாயையும் சின்ன வெங்காயத்தையும் கையாலேயே பிசைந்து, கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டால் முடிந்தது.

இதே மண்ணில்தான் புளோரைடு என்ற தாது உப்பும் இருக்கிறது. பாறைக்கு அடியிலிருந்து வருகிற போர் தண்ணீரில் அது கரைந்து வரும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் உள்ள தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல்லில் காவிக்கறை விழுந்துவிடும். எத்தனை தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் அது மேலே படிந்த கறை அல்ல. பல் உருவாகும்போதே எனாமலில் சேர்ந்தது. வயது ஏற ஏற மூட்டும் முதுகும் இறுகும். சிரிக்கும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால் இதைப் பற்றி எழுத எனக்கு எப்போதும் மனம் கனக்கும்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2002-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பள்ளிச் சிறுவர்களுக்குத் தினமும் 10 கிராம் புளியை 18 நாள் சாப்பாட்டோடு கொடுத்து, சிறுநீரில் எவ்வளவு புளோரைடு வெளியேறுகிறது என்று அளந்தார்கள். புளி சேர்த்தபோது வெளியேறும் அளவு தெளிவாகக் கூடியிருந்தது. 10 கிராம் என்பது பெரிய மருந்தளவு ஒன்றுமில்லை. ரசத்துக்கு ‘நெல்லிக்காய் அளவு புளி’ என்று எடுக்கிறோமே, ஏறக்குறைய அதுதான்.

இதில் பலர் சொல்லாமல் விடும் ஒரு விஷயம் உண்டு. ஒரு பக்கம் போர் தண்ணீரைக் குடித்துக்கொண்டு இன்னொரு பக்கம் புளி சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. முதலில் தண்ணீர் மாற வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் செயல்பாட்டுக்கு வந்து காவிரித் தண்ணீர் கிடைக்க ஆரம்பித்தது எங்கள் மக்களுக்கு எந்தக் கஷாயத்தைவிடவும் பெரிய வைத்தியம். அந்தத் தண்ணீரைக் குடிக்க மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு, சோற்றையும் பருப்பையும் போர் தண்ணீரில் வேகவைக்கும் வீடுகள் இன்னும் உண்டு. கொதிக்கவைத்தால் புளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். சமையலுக்கும் நல்ல தண்ணீர்தான் வேண்டும்.

அடுத்து மஞ்சள். பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கம் நன்றாக விளையும், எனக்கும் அதன் மேல் பிரியம் அதிகம். ஆனால் இப்போது அதைப் பற்றிப் பேசப்படுவதில் பாதிக்கு மேல் மிகை. மஞ்சளின் மருந்துக் குணத்துக்குக் காரணமாகச் சொல்லப்படும் குர்குமின், மஞ்சள்தூளில் நூற்றுக்குச் சுமார் 3 பங்குதான்; அதுவும் உடம்பில் எளிதில் சேராது. 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், 2 கிராம் குர்குமினோடு மிளகில் உள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தால் அது ரத்தத்தில் சேர்வது சுமார் 20 மடங்கு கூடுகிறது என்று கண்டார்கள். மஞ்சள் பாலில் மிளகு தட்டிப் போடுவதற்கு இதைத்தான் எல்லோரும் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். 2 கிராம் குர்குமினுக்கு 60 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் வேண்டும் என்பதை யாரும் கணக்குப் போடுவதில்லை. தொண்டை கரகரத்தால் மஞ்சள் பால் இதமாக இருக்கும், குடியுங்கள். புற்றுநோய்க்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் அதை நம்பி வைத்தியத்தை நிறுத்தாதீர்கள். குர்குமினைச் செறிவாக்கிய மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. 2019-ல் இத்தாலியில் அப்படிப் பலர் பாதிக்கப்பட்டார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் அந்தப் பக்கமே போகக் கூடாது. கண்ணைப் பறிக்கிற மஞ்சள் நிறத்துக்காக ஈயம் கலந்த குரோமேட் சாயம் ஏற்றுவதும் நடக்கிறது. பளபளப்பில்லாத விரலி மஞ்சளாகப் பார்த்து வாங்கி, கழுவிக் காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்வது நல்லது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குமட்டலுக்கு இஞ்சியும் சுக்கும் கேட்கும், ஆய்வுகளும் அதை ஒப்புக்கொள்கின்றன. பெரியவர்களின் வயிற்று உப்புசத்துக்கு ஓமம் நல்லது. அதன் வாசனையே தைமால் என்ற பொருளால் வருவதுதான். பல்வலிக்குக் கிராம்பைக் கடித்தால் அதில் உள்ள யூஜினால் என்ற பொருள் மரக்கச் செய்யும். வலி நின்றதே என்று சொத்தையை அப்படியே விட்டால் அது உள்ளே போய்க்கொண்டிருக்கும். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் வெந்தயத்தையும் தினம் ஊறவைத்துச் சாப்பிட்டால் சில சமயம் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும். டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

இனி உங்கள் குழந்தை. உரைமருந்து என்றால் வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு இதையெல்லாம் கல்லில் இழைத்துத் தாய்ப்பாலிலோ தேனிலோ குழைத்து நாக்கில் தடவுவது. பிள்ளை வளர்ப்பான் என்றே வசம்புக்கு ஒரு பெயர் இருப்பதால் பாட்டிக்கு அதன் மேல் அத்தனை நம்பிக்கை. ஆனால் வசம்பில் உள்ள ஆசரோன் என்ற பொருள் நஞ்சுத்தன்மை கொண்டது. அமெரிக்காவில் 1968-லிருந்து வசம்பை உணவில் சேர்க்கவே தடை. ஜாதிக்காய் குழந்தையைத் தூங்க வைக்கும், ஆனால் அது மயக்கத் தூக்கம். தேனில் இருக்கக்கூடிய கிருமி விதைகளால் போட்டுலிசம் என்ற கொடிய நோய் வரலாம் என்பதால் ஒரு வயது வரை தேன் கூடாது. இழைக்கும் கல்லும் விரலும் எவ்வளவு சுத்தம் என்பது வேறு. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டியதில்லை. கையில் வசம்பு வளையல் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், வாயில் வைத்துச் சப்பும்.

பாட்டியிடம் “உங்களுக்கு ஒன்றும் தெரியாது” என்று சொல்லிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் பக்கத்தில் டாக்டர் இல்லாமல் பிள்ளைகளைக் காப்பாற்றியவர். “அம்மாச்சி, பிள்ளைக்கு வேண்டாம், உங்க பேத்திக்குச் செஞ்சு குடுங்க” என்று கேளுங்கள். பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், முருங்கைக்கீரை எல்லாம் பெற்றவளுக்கு ஆகட்டும். பாலூட்டுகிறவளுக்குத்தான் இப்போது பசி அதிகம்.