எந்தக் கதிரை?

அன்பின் அக்கா,

களுவாஞ்சிகுடியில் ஒரு நிதி நிறுவனக் கிளையின் முகாமையாளராக இருக்கிறேன். கொழும்புத் தலைமையகத்தில் பதவி உயர்வு பற்றிக் கேட்டபோது, "பெண்களுக்குச் சம்பளம் கேட்டு வாங்கத் தெரியாது, அதனால்தான் மேலே போனாலும் குறைவாக எடுக்கிறார்கள்" என்று சிரித்தார்கள். மேல்மட்டச் சம்பளத்தை உண்மையில் எது தீர்மானிக்கிறது?

களுவாஞ்சிகுடி வாசகி

அன்பின் தங்கைக்கு,

சிரித்தவர்கள் கணக்குப் பார்த்துச் சிரிக்கவில்லை. மரியான் பெர்ட்ராண்ட், கெவின் ஹாலொக் என்ற இரு பொருளியலாளர்கள் 1992 முதல் 1997 வரையான அமெரிக்க நிறுவனத் தரவுகளை ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். உயர்பதவிகளில் பெண்கள் ஏறத்தாழ 2.5 சதவீதம்; ஆண்களைவிட ஏறத்தாழ 45 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். அந்த இடைவெளியில் முக்கால்வாசி வரை இரண்டு காரணங்களுக்குள் அடங்கிவிட்டது. அவர்கள் இருந்தவை சிறிய நிறுவனங்கள். தலைமை நிறைவேற்று அதிகாரி, தவிசாளர் போன்ற கதிரைகள் அவர்களுக்கு அரிதாகவே கிடைத்தன. வயதையும் சேவைக்காலத்தையும் சேர்த்தால், காரணம் தெரியாமல் மிஞ்சும் சம்பள இடைவெளி 5 சதவீதத்துக்கும் கீழ். கேட்கத் தெரியாமைக்கு அந்த மிச்சத்துக்குள்தான் இடம்.

உடனே "அப்படியென்றால் பாகுபாடு இல்லையே" என்பார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். நம் மட்டக்களப்பில் குடி என்ற குலப்பிரிவு தாய்வழி வருகிறது, வீடும் மகளுக்குப் போகிறது. ஆனாலும் கோயிலில் குடியின் சார்பில் வண்ணக்கராக, அதாவது கோயில் நிர்வாகியாக, நிற்பவர் பெரும்பாலும் ஆண்தான். "வண்ணக்கர் என்பதால் அவருக்கு அந்த மரியாதை" என்றால் கணக்குச் சரி. அந்தப் பதவி அவளிடம் ஏன் வரவில்லை என்ற கேள்வி மட்டும் கணக்குக்கு வெளியே நிற்கும்.

சம்பளம் எப்படி ஏறுகிறது? நிறுவனம் பெரிதானால் தலைவரின் சம்பளமும் பெரிது. அதற்கு மேல், தங்களை ஒத்த நிறுவனங்கள் என்ன கொடுக்கின்றன என்று பணிப்பாளர் சபை பார்க்கும். அயல்வீட்டைப் பார்த்துச் சீதனம் பேசுவதுபோல. தன் தலைவரை அந்தச் சம்பளங்களின் நடுக்கோட்டுக்குக் கீழே வைக்க எந்தச் சபைக்கும் மனம் வராது. நடுக்கோடே மேலே ஏறிக்கொண்டிருக்கும். கட்டுப்படுத்தப் போனாலும் வழி கண்டுபிடிப்பார்கள். 1993இல் அமெரிக்கா 10 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தலைவர் சம்பளத்துக்கு நிறுவனங்கள் பெற்ற வரிக்கழிவை நிறுத்தி, செயற்றிறனோடு இணைந்த கொடுப்பனவுக்கு மட்டும் விலக்கு அளித்தது. பணம் அந்த வாசலால் பங்குரிமையாக, அதாவது நிறுவனப் பங்குகளைக் குறித்த விலைக்கு வாங்கும் உரிமையாக, பாய்ந்தது.

ஆகவே அடுத்த முறை கொழும்பு போனால் சம்பளத்தை முதலில் பேசாதீர்கள். மனிதவளம், வாடிக்கையாளர் சேவை என்று நகர்த்தப் பார்ப்பார்கள். கடன் பிரிவோ பெரிய பிராந்தியமோ எப்போது கிடைக்கும் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.