புது கினி பிக் வந்தா பழைய கூட்டம் ஏன் துரத்துது? எப்போ பிரிக்கணும், எப்போ பிரிக்கக் கூடாது

ஒரு வாசகர் கேட்டிருக்காங்க: "என்கிட்ட மூணு கினி பிக் இருக்கு, ரெண்டு பொண்ணு, ஒரு நியூட்டர் (கருத்தடை ஆபரேஷன்) பண்ண ஆண், ரெண்டு வருஷமா ஒண்ணா இருக்காங்க. போன வாரம் ரெண்டு மாசக் குட்டி ரெண்டு வாங்கிட்டு வந்தேன், ரெண்டுமே பொண்ணுன்னுதான் கடையில சொன்னாங்க. கூண்டுல விட்டதும் பெரிசுங்க துரத்துது, பல்லைக் கடகடன்னு ஆட்டுது, குட்டிங்க கத்துது. பயந்து பிரிச்சிட்டேன். நாலு நாளா தினமும் விட்டுப் பாக்குறேன், அஞ்சு நிமிஷத்துல பிரிச்சிடுறேன். இதுங்க சேரவே சேராதா?"

சேரும்ங்க, பெரும்பாலும் சேரும். ஆனா நீங்க பிரிக்கிறதுதான் இப்போ பிரச்சனையே. இதுங்களுக்குள்ள யார் பெரியவன்னு ஒரு வரிசை உண்டு, புதுசா யாராவது வந்தா அந்த வரிசையை முதல்லேர்ந்து பேசி முடிக்கணும், துரத்துறது கத்துறது எல்லாம் அந்தப் பேச்சுதான். நீங்க அஞ்சாவது நிமிஷம் தூக்கிட்டா மறுநாள் முதல் வரிலேர்ந்து ஆரம்பிக்குது, நாலு நாளா நாலு தடவை அதே சண்டைதான் நடந்திருக்கு.

இப்போதைக்கு விடுறதை நிறுத்துங்க. குட்டிங்க ரெண்டையும் சேர்த்தே வேற ரூம்ல வைங்க, குறைஞ்சது ரெண்டு வாரம், முடிஞ்சா மூணு. குட்டிங்க நோய் எதுவும் கொண்டு வந்திருந்தா தெரியணும்ல, வந்த அன்னைக்கே செஞ்சிருக்க வேண்டியது இது, ஏற்கனவே மூக்கோட மூக்கு உரசிடுச்சே இனி எதுக்குன்னு கேட்பீங்க, அதுக்காக தொடர்ந்து உரச விடணும்னு இல்லையே. தும்மல், கண்ணு மூக்குல பொருக்கு, மூச்சு விடும்போது சத்தம், ஓயாத சொறிச்சல், முடி கொட்டுறது, இதெல்லாம் அஞ்சுகிட்டயும் பாருங்க. முதல்ல பெரிசுங்க வேலையை முடிச்சிட்டு அப்புறம் குட்டிங்க ரூமுக்குப் போங்க, வந்து கை கழுவுங்க. சளின்னு தெரிஞ்சா வீட்டுல இருக்கிற ஆன்டிபயாடிக் எதையும் குடுத்துடாதீங்க, பென்சிலின் வகையெல்லாம் வாய்வழியா உள்ள போனா குடல்ல இருக்கிற நல்ல கிருமியை அழிச்சு ஆளையே கொன்னுடும்.

இந்த ரெண்டு வாரத்துல முக்கியமான இன்னொரு வேலை, குட்டிங்க ஆணா பொண்ணான்னு எக்ஸாட்டிக் பிராணி (நாய், பூனை தவிர்த்த செல்லப் பிராணிங்க) பாக்குற கால்நடை டாக்டர் ஒருத்தர்கிட்ட காட்டிடுங்க. கடையில சொன்னதை நான் நம்பவே மாட்டேன், பொண்ணுன்னு சொல்லி ஆணைக் குடுக்குறது இந்தப் பிராணியில சர்வ சாதாரணம். ஆண் குட்டி மூணு நாலு வாரத்துலயே அப்பாவாகத் தயார், உங்க குட்டிங்களுக்கு ரெண்டு மாசம் ஆச்சு. உங்க பெரிய பொண்ணுங்க இதுவரை குட்டி போடாததுங்களா இருந்தா ஆபத்து ரொம்ப ஜாஸ்தி, ஏன்னா ஆறேழு மாசத்துக்குள்ள முதல் பிரசவம் ஆகலைன்னா இடுப்பெலும்பு இறுகிடும், அப்புறம் பிரசவத்துல விரியாது. ரெண்டும் நிஜமாவே பொண்ணுன்னாலும், ஆணுங்களோட ஒரே கூண்டுல இருந்திருந்தா வரும்போதே கர்ப்பமா வந்திருக்கலாம், கர்ப்ப காலம் 59லேர்ந்து 72 நாள், அதையும் டாக்டர்கிட்ட கேளுங்க.

எல்லாம் ஓகேன்னா, உங்களுக்கு வேற வேலையே இல்லாத ஒரு நாளா பாத்து காலையில ஆரம்பிங்க. பழைய கூண்டு வேண்டாம், அது பெரிசுங்க வீடு. ரெண்டு பார்ட்டியும் இதுவரை கால் வைக்காத ஒரு தரை, மேல துவைச்ச பெட்ஷீட், கூண்டைவிட ரெண்டு மடங்கு இடம். நடுவுல ஹேயை (காய்ஞ்ச புல்லு) மலை மாதிரி கொட்டி, காய்கறியை ஒரே தட்டுல வைக்காம அங்கங்க தூவிடுங்க. ஒரே வாசல் இருக்கிற வீடு எதையும் வைக்காதீங்க, உள்ள மாட்டினவன் தப்பிக்க முடியாமதான் நிஜ சண்டையே வருது. அஞ்சையும் ஒரே நேரத்துல விடுங்க.

அப்புறம் கையைக் கட்டிட்டு உக்காருங்க, கஷ்டமான பகுதியே இதுதான். பின்பக்கம் மோந்து பாக்கும், மேல ஏறும் (பொண்ணுமே பொண்ணு மேல ஏறும், பதறாதீங்க), ஆண் இடுப்பை ஆட்டிக்கிட்டு வைப்ரேஷன்ல வச்ச போன் மாதிரி உறுமிட்டு நடப்பான், பிடிக்காத பொண்ணு பின்னாடி இருக்கிறவன் மூஞ்சிலயே மூத்திரத்தைப் பீச்சும். ரெண்டு பேர் மூக்கைத் தூக்கிட்டு நிப்பாங்க, யார் முதல்ல இறக்குறாங்களோ அவங்க தோத்தாங்க. குட்டிங்க தொடுறதுக்கு முன்னாடியே ஊரைக் கூட்டும், பாதி நேரம் அதுக்கு அர்த்தம் "நான் சின்னவ, விட்டுடு"ன்னுதான். கொஞ்சம் முடி பறந்தாலும் பரவால்ல.

பல்லைக் கடகடக்கிறது வார்னிங், கவனமா பாருங்க, தூக்க வேண்டாம். கழுத்து முடி சிலிர்த்து, வாயை அகலமா திறந்து பல்லைக் காட்டி (கொட்டாவின்னு நினைச்சுடாதீங்க), மூஞ்சிக்கு மூஞ்சி நின்னு பாயுறாங்கன்னா ஒரு அட்டையை நடுவுல விட்டுப் பார்வையை மறைங்க. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கவ்விக்கிட்டு பந்தா உருண்டா, இல்ல ரத்தம் வந்தா, அன்னைக்கு அவ்வளவுதான், பிரிச்சிடுங்க. வெறும் கையை மட்டும் உள்ள விடாதீங்க, சண்டையில இருக்கிறப்ப உங்க விரல்னு அதுக்குத் தெரியாது. கெட்டி டவலைப் போட்டு எடுங்க. கடிபட்ட இடம் சின்னதா தெரிஞ்சாலும் உள்ள சீழ் கட்டும், காட்டிடுங்க.

வாசனை ஒண்ணாகட்டும்னு எல்லாத்தையும் ஒண்ணா குளிப்பாட்டுற ஐடியா சுத்திக்கிட்டே இருக்கு, வேண்டவே வேண்டாம், ஏற்கனவே டென்ஷன்ல இருக்கிறதை நனைச்சு நடுங்க விடுறதுதான் மிச்சம்.

சில மணி நேரம் கழிச்சு பக்கத்துல பக்கத்துல மேய்ஞ்சு, யாராவது காலை நீட்டிப் படுத்தா கூண்டுக்கு மாத்தலாம். அதுக்குள்ள கூண்டை முழுசா கழுவி, விரிப்பு மாத்தி, சாமானெல்லாம் இடம் மாத்தி வச்சிருக்கணும். ரெண்டு வாசல் வீடா ஆறு, தண்ணி பாட்டில் ரெண்டு மூணு, ஹே ரெண்டு மூலையிலயும். இடத்துல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க, ரெண்டுக்கே குறைஞ்சது 7.5 சதுர அடி, நாலுக்கு 13, உங்களுக்கு அதுக்கும் மேல, மாடி கணக்கு சேராது, தரை மட்டும்தான். முதல் ராத்திரி மறுபடி துரத்தல் இருக்கும், முழுசா அடங்க ரெண்டு வாரம் வரைக்கும் ஆகலாம்.

அந்த ரெண்டு வாரம் கிச்சன் தராசுல தினமும் எடை போடுங்க. குட்டிங்க ஏறிக்கிட்டே இருக்கணும், பெரிசுங்க 50 கிராமுக்கு மேல இறங்கினா யாரோ சாப்பிட விடலைன்னு அர்த்தம். எந்த ஒண்ணாவது அரை நாள் சாப்பிடலைன்னா நாளைக்குப் பாக்கலாம்னு விடாதீங்க, இதுங்களுக்குக் குடல் நின்னா அவசரக் கேஸ்.

ரத்தம் வந்து பிரிச்சிட்டீங்கன்னா கூட, குட்டிங்க ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு துணையா இருக்கே, கம்பிக்கு ரெண்டு பக்கமும் வச்சு சில வாரம் பழகவிட்டு மறுபடி புது தரையில முயற்சி பண்ணலாம். சேர்த்து விடுற அன்னைக்கு ஒரு பொண்ணு மட்டும் வெறி பிடிச்ச மாதிரி எல்லார் மேலயும் ஏறிட்டிருந்தா அவ ஹீட்ல (இணை சேர்ற பருவத்துல) இருக்கலாம், 15-17 நாளுக்கு ஒரு தடவை வரும், ஒண்ணு ரெண்டு நாள் தள்ளிப் போட்டு ஆரம்பிங்க.