5.1 ஹோம் தியேட்டரில் ஹைட் ஸ்பீக்கர் சேர்க்க சீலிங்கில்தான் மாட்ட வேண்டுமா, மேல்நோக்கி ஒலிக்கும் பெட்டி போதாதா?

கேள்வியில் உள்ள விவரம்: 12-க்கு 14 அடி ஹால், 10 அடி உயரத்தில் கான்கிரீட் சீலிங், நடுவில் ஃபேன், பின்சுவரை ஒட்டி சோபா. 5.1 ஓடுகிறது, அதாவது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும். பக்கவாட்டுச் சத்தம் தரும் சரவுண்ட் ஸ்பீக்கர் இரண்டும் பின்சுவரில் 8 அடி உயரத்தில் இருக்கின்றன. இதை 5.1.2 ஆக்க வேண்டும், அதாவது தலைக்கு மேலிருந்து சத்தம் தரும் ஹைட் ஸ்பீக்கர் இரண்டைச் சேர்க்க வேண்டும்.

இந்த ஹாலுக்கு சீலிங்தான். ஆனால் அதற்கு முன்னால் அந்த 8 அடி சரவுண்டைக் கீழே இறக்குங்கள். அதைச் செய்யாமல் ஹைட் ஸ்பீக்கர் வாங்குவது, கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் போன கதைதான்.

காரணம் நம் காதில் இருக்கிறது. இடமா வலமா என்பதை இரண்டு காதுக்கும் சத்தம் வந்து சேரும் நேர வித்தியாசத்தையும் அளவு வித்தியாசத்தையும் வைத்து மூளை சட்டென்று சொல்லிவிடும். மேலா கீழா என்பதில் அந்த வசதி இல்லை. தலைக்கு நேர் மேலே இருந்து வருவது இரண்டு காதுக்கும் ஒரே மாதிரிதான் வருகிறது. காது மடலின் மடிப்புகள் உயர் அதிர்வெண்களில் செய்யும் சின்னச் சின்ன மாற்றங்களை வைத்துத்தான் உயரம் தெரிகிறது. பலவீனமான அடையாளம் அது. சரவுண்ட் 8 அடியிலும் ஹைட் 10 அடியிலும் இருந்தால் இரண்டும் ஒரே இடத்துச் சத்தமாகத்தான் கேட்கும். ஹெலிகாப்டர் மேலே போகிறது என்று தோன்ற, மற்ற சத்தம் கீழே இருந்தாக வேண்டும்.

சோபாவில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து சுமார் 3 அடியில் இருக்கும். சரவுண்டை அதே மட்டத்துக்கு, போனால் போகிறதென்று அரை அடி மேலே கொண்டு வாருங்கள். இடம் பின்சுவர் அல்ல, பக்கச் சுவர்கள்: காதுக்கு நேர் பக்கவாட்டில் அல்லது கொஞ்சம் பின்னால், 90 முதல் 110 டிகிரிக்குள் (நேர் முன்னால் 0). சரவுண்டை உயரத்தில் மாட்டுவது பழைய 5.1 காலத்து வழக்கம், அன்றைக்கு அது தப்பும் இல்லை. தியேட்டருக்கு 2012-லும் வீட்டுக்கு 2014-லும் டால்பி அட்மாஸ் என்ற, மேலிருந்தும் ஒலி தரும் முறை வந்த பிறகுதான் கணக்கு மாறியது. அட்மாஸில் ஒரு சத்தம் ‘இந்தச் சேனலுக்கு’ என்று மட்டும் வருவதில்லை, அறையில் எந்த இடத்தில் கேட்க வேண்டும் என்ற குறிப்போடும் வருகிறது. உங்களிடம் இருக்கும் ஸ்பீக்கர்களை வைத்து அதை எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்று ரிசீவர், அதாவது ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ஆம்ப் பெட்டி, முடிவு செய்கிறது. ரிசீவர் எதிர்பார்க்கும் இடத்தில் ஸ்பீக்கர் இல்லாவிட்டால் அந்தக் கணக்கு முழுக்கப் பொய்.

அடுத்து சோபா. இரண்டடி முன்னால் இழுங்கள். இப்போது தலை டிவி சுவரிலிருந்து சுமார் பதினொன்றரை அடியில் இருக்கும். காதுக்கும் சீலிங்குக்கும் இடைவெளி 7 அடி. ஒரே ஜோடி ஹைட் என்றால் உட்காருபவரின் பார்வையில் அது 65 முதல் 100 டிகிரி உயரக் கோணத்துக்குள் (நேர் முன்னால் 0, தலைக்கு நேர் மேலே 90) வர வேண்டும். அதாவது காதுக்கு மூன்றேகால் அடி முன்னாலிருந்து ஓரடி பின்னால் வரை எங்கும் வைக்கலாம். இரண்டடி முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம், முன் ஸ்பீக்கர்களுக்கு இடையே உள்ள தூரமே. நான்கு ஹைட் வைக்கும் ஆசை வேண்டாம்: பின் ஜோடிக்கு 125 டிகிரியாவது வேண்டும், அதற்குத் தலைக்குப் பின்னால் 5 அடி காலி இடம் தேவை. இந்த ஹாலில் அது கிடையாது.

முன் ஸ்பீக்கர் மேல் வைத்து, சத்தத்தை சீலிங்கில் பட்டுத் திரும்ப வைக்கும் மேல்நோக்கி ஒலிக்கும் பெட்டிக்கு உங்கள் சீலிங் நல்லதுதான்: சமதளம், கான்கிரீட், 10 அடி. கெடுப்பது ஃபேன். முன் ஸ்பீக்கர்கள் 7 அடி இடைவெளியில், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி இருந்தால், சத்தம் சீலிங்கில் பட்டுத் திரும்பும் இடம் ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே, சுவரிலிருந்து ஆறரை அடியில் விழும். அறையின் மையக் கோட்டிலிருந்து ஒன்றேமுக்கால் அடி தள்ளி. ஃபேன் சுவரிலிருந்து 7 அடியில், மையக் கோட்டில் தொங்குகிறது, 1200 மி.மீ. ஃபேனின் இறக்கை இரண்டடி வரை சுற்றும். ஆக, திரும்பி வரும் சத்தம் ஓடும் இறக்கைக்குள் புகுந்துதான் வர வேண்டும். சின்ன வயதில் ஃபேன் முன்னால் நின்று பேசிப் பார்த்திருப்பீர்களே, அந்த நடுக்கம்தான் கேட்கும். ஏசி போட்டு ஃபேனை நிறுத்தியே படம் பார்ப்பேன் என்றால் பெட்டி வாங்கலாம். திரும்பும் இடத்தை உறுதி செய்ய ஒருவரைச் சின்னக் கண்ணாடியை சீலிங்கில் நகர்த்தச் சொல்லுங்கள். சோபாவில் இருந்து ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அதுதான் இடம். லைட், பீம் எதுவும் அங்கே இருக்கக் கூடாது.

வயருக்கு 1.5 சதுர மி.மீ. செப்பு போதும். செப்புப் பூச்சு மட்டும் போட்ட அலுமினிய வயரைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், நுனியைச் சுரண்டிப் பாருங்கள். கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் இழுக்க விடாதீர்கள். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் இருந்தால் பலகையை மட்டும் நம்பாமல், மேலே கான்கிரீட்டிலிருந்து ஒரு பாதுகாப்புக் கம்பி கட்டுங்கள்.

5.1.2-க்கு ஏழு சேனல் ஆம்ப் உள்ள அட்மாஸ் ரிசீவர் வேண்டும். பெட்டியோடு வந்த ஐந்து சேனல் செட்டில் சேர்க்க வழியில்லை. சரவுண்ட் வயரிலிருந்தே இன்னொரு ஜோடி இழுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். மேலேயும் அதே சத்தம்தான் வரும். போதாக்குறைக்கு இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர் சேர்ந்து 4 ஓம் ஆகி ஆம்ப் சூடேறும்.

மெனுவில் சீலிங் ஜோடியை ‘டாப் மிடில்’ என்று கொடுங்கள். ஸ்பீக்கர் அளவு ‘ஸ்மால்’, கிராஸ்ஓவர் (இதற்குக் கீழுள்ள சத்தம் சப்வூஃபருக்குப் போகும் எல்லை) 100 அல்லது 120 ஹெர்ட்ஸ். தானியங்கி அளவீடு செய்யும்போது மைக் காது உயரத்தில் ஸ்டாண்டில் நிற்க வேண்டும், சோபா மெத்தையில் கிடக்கக் கூடாது. ஃபேன், ஏசி இரண்டும் நிறுத்தியிருக்கட்டும்.

எல்லாம் முடிந்தும் மேலே சத்தம் வரவில்லை என்றால், பெரும்பாலும் குற்றவாளி டிவியின் ஒலி அமைப்பு. டிவியே ஒலியைப் பிரித்து அனுப்பும் ‘பிசிஎம்’ என்று இருந்தால் அட்மாஸ் அங்கேயே செத்துவிடும். வந்த ஒலியை அப்படியே ரிசீவருக்கு அனுப்பும் ‘பாஸ் த்ரூ’ அல்லது ‘பிட்ஸ்ட்ரீம்’ ஆக்குங்கள். ஆப்டிகல் கேபிளில் ஓடிடி அட்மாஸ் போகாது, எச்டிஎம்ஐ ஆர்க் (டிவி ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் எச்டிஎம்ஐ இணைப்பு) போதும். ப்ளூ-ரே தரத்து ட்ரூஎச்டியை டிவி வழியாக அனுப்ப அதன் மேம்பட்ட வடிவமான ஈ-ஆர்க் வேண்டும். படம் ஓடும்போது ரிசீவர் திரையைப் பாருங்கள்: ‘டால்பி அட்மாஸ்’ என்று வந்தால் அசல், ‘டால்பி சரவுண்ட்’ என்று வந்தால் சாதாரண ஒலியை ரிசீவரே மேலே ஏற்றிக் கொடுக்கிறது. அசலாக இருந்தாலும் பல படங்களில் மேலே வருவது மழையும் பின்னணி இசையும்தான், அதுவும் நேரம் விட்டு நேரம். சத்தமே இல்லையே என்று ஹைட் அளவை மட்டும் 5, 6 டெசிபல் ஏற்றிவிடாதீர்கள்.